எட்டாம் இடத்துக்கு என்ன மதிப்பு? ஐரோப்பிய கிளப் ரக்பியும் தகுதி விதிகளும்

சாம்பியன்ஸ் கோப்பை (பழைய பெயர் ஹைனிகன் கோப்பை) என்பது இங்கிலாந்து லீக், பிரெஞ்சு லீக், யுஆர்சி லீக் மூன்றிலிருந்தும் வரும் அணிகள் மோதும் ஐரோப்பாவின் உச்ச கிளப் ரக்பிப் போட்டி. அதைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "ஒவ்வொரு லீகிலிருந்தும் எட்டு அணிகளைச் சேர்த்துக்கொள்வதால்தான் சாம்பியன்ஸ் கோப்பையின் குழுச் சுற்று சப்பென்று இருக்கிறதா? எட்டை நான்காகக் குறைத்தால் பழைய சூடு திரும்புமா?"

கொஞ்சம் திரும்பும். ஆனால் நோய் அந்த வாசலில் இல்லை என்பது என் எண்ணம். உள்ளே வருகிறவர்களின் எண்ணிக்கையைவிட, உள்ளே வந்தபின் எத்தனை பேர் வெளியேற்றப்படுகிறார்கள் என்பதுதான் ஆட்டத்தின் சூட்டைத் தீர்மானிக்கிறது. ஏன் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ரக்பிக்கே உரிய ஒரு சங்கதி. ஒரு ஆட்டத்துக்கு 23 பேர். ஒவ்வொரு வாரமும் உடம்பு அடிவாங்குகிறது. எந்தப் பயிற்சியாளராலும் தன் முதல் தர அணியை சீசன் முழுக்க வாராவாரம் இறக்க முடியாது. அயர்லாந்தில் தேசிய ரக்பி சங்கமே முன்னணி வீரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுத்து, அவர்கள் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதிலும் தலையிடுகிறது. ஆக, எல்லாப் பயிற்சியாளர்களும் வருடம் முழுக்கப் போடும் கணக்கு ஒன்றே: எந்த வாரம் முழு பலத்தை இறக்குவது, எந்த வாரம் இளைஞர்களை வைத்துச் சமாளிப்பது? அந்தக் கணக்குக்கு விடை எழுதித் தருவது தகுதி விதிதான். தோற்றால் என்ன போகும் என்று பார்க்கிறார்கள். ஒன்றும் போகாது என்றால் நட்சத்திரங்கள் வீட்டில் இருப்பார்கள். விதி எந்த அணியையும் வலுவாக்குவதில்லை. எந்த வாரத்தில் பயம் வரவேண்டும் என்பதை மட்டும் அது முடிவு செய்கிறது.

பயம் சரியான இடத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2003 ஜனவரி 18-ஐச் சொல்லலாம். லிமெரிக் நகரின் தோமண்ட் பார்க். ஹைனிகன் கோப்பையின் கடைசிக் குழு ஆட்டம், அயர்லாந்தின் மன்ஸ்டர் எதிர் இங்கிலாந்தின் குளோஸ்டர். குழுவுக்கு நான்கு அணிகள். முதலிடம் பிடித்தால் காலிறுதி, இரண்டாம் இடம் என்றால், எல்லாக் குழுக்களின் இரண்டாமிடத்துக்காரர்களில் புள்ளி அதிகம் உள்ள சிலருக்கு மட்டும்தான் வழி. மன்ஸ்டருக்கு வெறும் வெற்றி போதாது. நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) அடிக்க வேண்டும், 27 புள்ளி வித்தியாசமும் வேண்டும். குளோஸ்டரோ அப்போது இங்கிலாந்து லீகில் முதலிடத்தில் இருந்த அணி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஜான் கெல்லி நான்காவது ட்ரையை ஊன்றினார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கான உதையை ரோனன் ஓகாரா கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 33-6. வித்தியாசம் சரியாக 27. மன்ஸ்டர் காலிறுதிக்குப் போனது, குளோஸ்டர் ஊர் திரும்பியது. அயர்லாந்து ரக்பி ரசிகர்கள் இன்றும் இதை 'அற்புத ஆட்டம்' என்றே அழைக்கிறார்கள். (அன்று அந்த உதையை அடித்த ஓகாராதான் பிற்காலத்தில் லா ரோஷேல் அணியின் பயிற்சியாளராக 2022, 2023 என இரண்டு முறை இதே கோப்பையை வென்றவர்.)

இப்போது அப்படி ஓர் ஆட்டம் நடக்க வாய்ப்பு உண்டா? அன்றைய வடிவத்தில் 24 அணிகள், ஆறு குழுக்கள், அணிக்கு ஆறு ஆட்டம். மொத்தம் 72 ஆட்டங்கள் ஆடி 16 அணிகளைக் கழித்தார்கள். எட்டு அணிகள் மிஞ்சின. 2014-க்குப் பிறகு 20 அணிகள், ஐந்து குழுக்கள். 60 ஆட்டங்களில் 12 பேர் கழிந்தார்கள். 2020-21 முதல் மறுபடி 24 அணிகள். 2023-24 முதல் குழுவுக்கு ஆறு பேர், ஆளுக்கு நான்கே ஆட்டம். 48 ஆட்டங்களில் கழிபவர்கள் எட்டே பேர். அந்த எட்டிலும், குழுவில் ஐந்தாவதாக வந்த நான்கு அணிகளுக்கு, அடுத்த படியில் உள்ள ஐரோப்பியப் போட்டியான சேலஞ்ச் கோப்பையின் நாக்-அவுட் சுற்றில் இடம் உண்டு. கடைசியாக வந்த நான்கு அணிகளுக்கு மட்டும்தான் ஐரோப்பா அத்தோடு முடிகிறது. முன்பு மூன்றில் ஒருவர் முன்னேறினார், இப்போது மூன்றில் இருவர். இந்தச் சூழலில் டிசம்பர் மாதத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறும் பயிற்சியாளர் ஆட்டத்தை வழிநடத்தும் தன் பத்தாம் எண் நட்சத்திரத்தை எதற்காகக் கூட்டிப்போக வேண்டும்? சொந்த மைதானத்தில் ஒன்றை ஜெயித்து, அங்கங்கே போனஸ் புள்ளி (நான்கு ட்ரை அடித்தாலோ, ஏழு புள்ளிக்குள் தோற்றாலோ கிடைப்பது) பொறுக்கினாலே பெரும்பாலும் போதும்.

எட்டு இடம் என்பது எல்லா லீகிலும் ஒரே எடை உள்ளதும் அல்ல. கேள்வி கேட்டவர் கவனிக்காமல் விட்ட விஷயம் இது. பிரான்ஸின் டாப் 14-இல் 14-க்கு 8. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்த யுஆர்சி லீகில் 16-க்கு 8. இங்கிலாந்தில்? 2022 அக்டோபரில் வொர்செஸ்டரும் வாஸ்ப்ஸும் நிதி நெருக்கடியால் லீகிலிருந்து வெளியேறின. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். மிஞ்சியவை பத்து. பத்தில் எட்டு பேருக்கு ஐரோப்பாவின் உச்சப் போட்டியில் இடம்! லீகில் கூடுதல் அணிகள் இருந்தபோது போட்ட கணக்கை 10 ஆனபிறகும் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆறாம் இடத்துக்காகக் கடைசி வாரம் வரை அடித்துக்கொண்ட லீக் அது. இப்போது கடைசி இரண்டு இடங்களில் விழாமல் இருந்தால் சரி.

இந்தச் சண்டை புதிதல்ல. 2012-இல் இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகள் ஹைனிகன் கோப்பையை விட்டு வெளியேறப்போவதாக நோட்டீஸ் கொடுத்தன. பணம், தொலைக்காட்சி உரிமை எல்லாம் அதில் உண்டு. மைக்கின் முன் சொன்ன காரணம் தகுதி விதி. எங்கள் லீகில் ஆறாவது வந்தால்தான் உள்ளே, சறுக்கினால் கீழ் லீகுக்குத் தரமிறக்கம். ஸ்காட்லாந்தின் இரண்டு அணிகளும் இத்தாலியின் இரண்டு அணிகளும் லீகில் கடைசியாக வந்தாலும் உள்ளே. அயர்லாந்து, வேல்ஸ் அணிகளுக்கோ நாலில் மூன்று இடம் உறுதி. அதனால் அவர்கள் லீகில் ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஐரோப்பிய வாரங்களில் தெம்பாக வருகிறார்கள் என்றார்கள். 2009, 2011, 2012 என மூன்று முறை அயர்லாந்தின் லென்ஸ்டர் கோப்பையைத் தூக்கியிருந்தது. 2012 இறுதியில் இன்னொரு அயர்லாந்து அணியான அல்ஸ்டரை 42-14 என்று நசுக்கியது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கண்முன் நிற்பதுபோல் இருந்தது.

2014-15இல் புதிய போட்டி வந்தது. செல்டிக்-இத்தாலி லீகிலிருந்து (இன்றைய யுஆர்சியின் முந்தைய வடிவம்) ஏழு அணிகள், பட்டியல் வரிசைப்படி. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஒரு இடம். விளைவு முதலில் இங்கிலாந்துக்காரர்கள் எதிர்பார்த்தபடியே இருந்தது. 2015-16 காலிறுதியில் ஐந்து இங்கிலாந்து அணி, மூன்று பிரெஞ்சு அணி. அந்த லீகிலிருந்து ஒருவர்கூட இல்லை. "பார்த்தீர்களா, ஓய்வு போனதும் வண்டி நின்றுவிட்டது" என்று சொல்லத் தோன்றும். நான் அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டேன். அதே சமயத்தில்தான் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் புதிய தொலைக்காட்சிப் பணம் வந்து சேர்ந்தது. இரண்டே வருடத்தில், 2018-இல், லென்ஸ்டர் மறுபடி சாம்பியன். விதியைவிட அவர்களுடைய பள்ளிகளும் அகாடமியும் பெரிய காரணம் என்பது அப்போது தெரிந்தது.

அந்த மாற்றத்தால் உண்மையில் உயர்ந்தது, யாரும் பெரிதாகப் பேசாத கொனாக்ட். அயர்லாந்தின் நான்கு மாகாண அணிகளில் கடைக்குட்டி. பழைய விதியில் மற்ற மூவருக்கும் இடம் எழுதி வைத்ததுபோல. கொனாக்ட் உள்ளே வரவேண்டுமென்றால் லென்ஸ்டர் ஏதாவது ஒரு ஐரோப்பியக் கோப்பையை வென்று கூடுதல் இடம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். 2011 முதல் மூன்று சீசன்களில் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. 2013 டிசம்பரில் பிரான்ஸின் தூலூஸ் மண்ணிலேயே தூலூஸை 16-14 என்று வீழ்த்தினார்கள். பட்டியல் இடத்துக்கு உண்மையான மதிப்பு வந்தபிறகு, 2016-இல் லீகையே ஜெயித்தார்கள், அதுவும் இறுதியில் லென்ஸ்டரை 20-10 என்று தோற்கடித்து. சொந்தக் காலில் நின்று சாம்பியன்ஸ் கோப்பைக்குள் நுழைந்தார்கள்.

போன இடத்தில் காத்திருந்தது இன்னொரு விதி. 'ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இடம்' என்ற சலுகையில் வந்த இத்தாலியின் ஸெப்ரேவும் அதே குழுவில். 2016-17இல் அந்தக் குழுவில் வாஸ்ப்ஸ், தூலூஸ், கொனாக்ட், ஸெப்ரே. ஸெப்ரேவிடம் யார் வேண்டுமானாலும் முழுப்புள்ளி அள்ளலாம். அந்தக் குழுவிலிருந்து வாஸ்ப்ஸ், தூலூஸ் இரண்டு பேருமே காலிறுதிக்குப் போனார்கள். பலவீனமான அணி ஒன்று உள்ளே இருந்தால் அது தோற்பதோடு கதை முடியாது. எந்தக் குழுவில் அது விழுந்ததோ அந்தக் குழுவின் இரண்டாமிடத்துக்காரருக்கு மற்ற குழுக்களின் இரண்டாமிடத்துக்காரரைவிட ஒரு கை கூடுதல் பலம் கிடைக்கிறது. அநியாயம் எப்போதும் மூன்றாவது ஆளின் தலையில்தான் விடிகிறது.

அந்த மூன்றாவது ஆள் யார் என்பதை மிக அழகாகக் காட்டும் கதை ஒன்று யுஆர்சியில் நடந்தது. 2021-22 சீசன். பட்டியலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ 8-ஆவது, வேல்ஸின் ஆஸ்ப்ரேஸ் 9-ஆவது. எட்டு இடம் உண்டு, ஆகவே கிளாஸ்கோ உள்ளே என்றுதானே நினைப்போம்? இல்லை. அப்போது நான்கு பிராந்தியங்களின் (அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து-இத்தாலி, தென்னாப்பிரிக்கா) முதல்வர்களுக்குத் தனி இடம். வேல்ஸ் அணிகளில் ஆஸ்ப்ரேஸ் முதல். அவர்கள் உள்ளே, கிளாஸ்கோ வெளியே. ஆஸ்ப்ரேஸுக்கு அது தகாத பரிசு என்று பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த சீசனில் அதே ஆஸ்ப்ரேஸ் மோன்பெலியேவையும் லெஸ்டரையும், அதாவது பிரான்ஸ் சாம்பியனையும் இங்கிலாந்து சாம்பியனையும், அவரவர் மண்ணிலேயே தோற்கடித்து 16 அணிச் சுற்றுக்குப் போனது. சலுகையில் வந்தவர் எல்லாம் சோப்ளாங்கி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

வெளியே தள்ளப்பட்ட கிளாஸ்கோ? அந்த வருட லீக் காலிறுதியில் லென்ஸ்டரிடம் 76-14 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அணி அது. புதிய பயிற்சியாளர் ஃபிராங்கோ ஸ்மித்தோடு சேலஞ்ச் கோப்பைக்குப் போய், தங்களால் ஜெயிக்க முடிந்த ஆட்டங்களை ஜெயித்து, இறுதிவரை வந்தது. அங்கே பிரான்ஸின் தூலோனிடம் தோற்றாலும், அடுத்த வருடம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கே போய் புல்ஸை 21-16 என்று வென்று லீக் சாம்பியன் ஆனது. கீழ்ப்படியில் ஒரு வருடம் இருந்தது அவர்களுக்கு நல்லதாகத்தான் முடிந்தது என்பது என் கணிப்பு.

பிராந்தியச் சலுகையைப் பிறகு எடுத்துவிட்டார்கள். பட்டியலில் முதல் எட்டு, அவ்வளவுதான் என்றார்கள். 2023-24இல் எட்டாவதாக வந்தது யார்? ஆஸ்ப்ரேஸ். இந்த முறை நேர்வழியில். ஆனால் அவர்களுக்கு இடம் இல்லை! பட்டியலில் 14-ஆவதாகக் கிடந்த டர்பனின் ஷார்க்ஸ் சேலஞ்ச் கோப்பையை வென்றுவிட்டது. கோப்பை வென்றவருக்கு மேல்போட்டியில் இடம் உண்டு. அந்த இடம் வென்றவரின் லீக் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். லீகின் கடைசி வாரத்துக்கு முந்தைய வாரமே அந்த இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. ஆகவே கடைசி வாரம் எட்டாவது இடத்துக்கு ஓடியவர்கள் லீகின் பிளே-ஆஃபுக்காக மட்டும் ஓடினார்கள். 2024-25 சாம்பியன்ஸ் கோப்பையில் வேல்ஸிலிருந்து ஓர் அணிகூட இல்லை.

ஷார்க்ஸ் செய்தது தவறா? இல்லவே இல்லை. லீக் கைவிட்டுப் போனதும் முழு பலத்தையும் கோப்பையில் கொட்டினார்கள். விதி அதைத்தான் செய்யச் சொல்கிறது. அந்த இறுதியில் அவர்களிடம் 36-22 என்று தோற்ற குளோஸ்டரும் அதே கணக்குத்தான்: பத்து அணி லீகில் ஒன்பதாவது, மிஞ்சியிருந்த ஒரே வழி கோப்பை. இந்தப் பின்வாசல் எனக்குப் பிடிக்கும். சீசன் பாதியில் செத்துப்போன அணிக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் அதற்கான விலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வசூலிப்பது எந்த நியாயம்?

புவியியல் சலுகை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று பார்க்க தெற்கே போகவேண்டும். தென் அரைக்கோள நாடுகளின் கிளப் லீகான சூப்பர் ரக்பி, 2017. பதினெட்டு அணிகள், பிரிவு வாரியாக முதல்வர்களுக்குச் சொந்த மைதானத்தில் காலிறுதி. அந்த வருடம் ஆஸ்திரேலிய அணிகள் நியூசிலாந்து அணிகளோடு 26 முறை மோதி 26 முறையும் தோற்றன. இருந்தும் ஆஸ்திரேலியப் பிரிவில் முதலாவது என்பதால், 34 புள்ளி எடுத்த பிரம்பீஸ் கான்பெராவில் உட்கார்ந்திருக்க, 58 புள்ளி எடுத்த நியூசிலாந்தின் ஹரிகேன்ஸ் கடல் தாண்டி அங்கே போய் ஆடியது. ஹரிகேன்ஸ் 35-16 என்று ஜெயித்தது. மைதானச் சலுகையால் தரவரிசையை மாற்ற முடியவில்லை. ஆனால் நியூசிலாந்து அணிகள் வாராவாரம் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பிரிவில் ஒருவர் 6 வெற்றியோடு சொகுசாக முதலிடம் வந்ததை ரசிகர்கள் மறக்கவில்லை. அந்தப் பிரிவு முறையே சில வருடங்களில் காணாமல் போனது.

இனி கீழ்வாசல். தரமிறக்கம் இருந்தால்தான் போட்டி இருக்கும் என்பது பலருக்கு வேதவாக்கு. 2006-07இல் நார்தாம்ப்டன் ஐரோப்பாவின் அரையிறுதி வரை போனது. அதே சீசனில் லீகில் கடைசியாக வந்து தரமிறங்கியது. ஒரே அணி, ஒரே வருடம். கீழே போனவர்கள் ஏழு வருடத்தில் இங்கிலாந்து சாம்பியனாகத் திரும்பி நின்றார்கள். ஏறுவாசலின் அருமைக்கு எக்ஸிட்டர்: 2010-இல் மேலே வந்தது, 2017-இல் இங்கிலாந்து சாம்பியன், 2020-இல் ஐரோப்பிய சாம்பியன். அதே வாசலில் இன்று போய் நின்றால்? ஈலிங் 2022-இல் இரண்டாம் நிலை லீகை வென்றது. மைதானத்தில் 10,001 பேருக்கு இடமில்லை என்று கதவு சாத்தப்பட்டது. எக்ஸிட்டர் 2024-25இல் ஒன்பதாவதாகச் சரிந்தும் தரமிறங்கும் கவலை இல்லாமல் நிம்மதியாகத் தூங்க முடிந்ததற்கும் அதே பூட்டிய கதவுதான் காரணம். பூட்டு போட்டபிறகு இங்கிலாந்து அணிகள் துணிந்து பந்தைக் கைமாற்றி ஆடுகின்றன என்பதையும் மறுக்கமாட்டேன். பார்க்க நன்றாக இருக்கிறது. பிப்ரவரி மாதத்தில் ஒன்பதாவதும் பத்தாவதும் மோதும் ஆட்டத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பிரான்ஸில் அந்த ஆட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். 14-ஆவது நேராகக் கீழே. 13-ஆவது, கீழ் லீகின் இரண்டாமிடத்துக்காரர் மண்ணில் ஒரே ஒரு வாழ்வா சாவா ஆட்டம் ஆடவேண்டும். 2022-இல் பிரான்ஸ் சாம்பியனான மோன்பெலியே இரண்டே வருடத்தில் 13-ஆவதாகி, கிரெனோபிளுக்குப் போய் 20-18 என்று தப்பியது. பாவம் கிரெனோபிள், 2023, 2024, 2025 என மூன்று வருடம் தொடர்ந்து அந்த வாசற்படியிலேயே தோற்று நின்றது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022 முதல் 2024 வரை மூன்று ஐரோப்பிய இறுதிகளிலும் ஒரு பக்கம் தரமிறக்கமே அறியாத லென்ஸ்டர். எதிர்ப்பக்கம் தரமிறக்கம் தலைக்கு மேல் தொங்கும் லீகிலிருந்து வந்த லா ரோஷேல், லா ரோஷேல், தூலூஸ். மூன்றிலும் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். 24-21, 27-26, பிறகு கூடுதல் நேரத்தில் 31-22. நேர் எதிரான இரண்டு விதிகளில் வளர்ந்த அணிகள் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. உச்சியில் இருப்பவர்களுக்கு விதி பெரிய விஷயமே இல்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் விதி வாழ்க்கை.

அதனால்தான் எட்டை நான்காக்குவதில் எனக்கு உற்சாகம் இல்லை. பன்னிரண்டு அணிகள் மட்டும் என்றால் உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் தெரிந்த முகங்களாகவே இருப்பார்கள். ஐரோப்பியப் பணமும் அவர்களுக்கே போகும். அடுத்த வருடம் நான்காம் இடத்தைப் பிடிப்பது ஐந்தாமவருக்கு இன்னும் கடினமாகும். கொனாக்ட் போன்ற அணி வெளியிலேயே நின்றிருக்கும்.

என்னிடம் கேட்டால் 24 அணிகள் இருக்கட்டும், குழுச் சுற்றிலிருந்து எட்டு பேர் மட்டும் முன்னேறட்டும். 16 அணிச் சுற்றுக்குச் செலவாகும் வாரத்தைக் குழுச் சுற்றுக்கே கொடுத்தால் ஐந்தாவது ஆட்டம் ஒன்றும் கிடைக்கும், நாட்காட்டியில் புதிதாக இடம் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்துக்கு அணிகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆறு இடம். சேலஞ்ச் கோப்பை வென்றவருக்கு அந்த மிச்சத்திலிருந்து ஒன்று, எட்டாமவரின் பையிலிருந்து அல்ல. 2024 ஏப்ரலில் புல்ஸ் தன் முன்னணி வீரர்கள் பலரை வீட்டில் விட்டுவிட்டு நார்தாம்ப்டனுக்குக் காலிறுதி ஆடப் போய் 59-22 என்று தோற்றதே, அந்த மாதிரி ஆட்டத்தை மட்டும் இவை எதனாலும் தடுக்க முடியாது. அது நாட்காட்டியும் விமான தூரமும் சம்பந்தப்பட்டது, வேறு பதிலுக்கான விஷயம்.